ஏழாவது கிரில்லில் தூசி

திருநீர்மலைப் பெருமாள் சாட்சியாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கிற ஐந்து பல்லும் இன்று சாயந்திரத்துக்குள் கொட்டிப் போகட்டும். ஐந்தில் இரண்டு கடைவாய்ப் பல். முறுக்கு தின்கிற ஆசை இன்னும் விடாதவன் அதையெல்லாம் சும்மா பணயம் வைக்க மாட்டான்.

குரோம்பேட்டையில் ஒரு டயர் ரீட்ரெடிங் கடையின் மாடியில் ஜஹானாராவின் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. ஜஹானாராவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கிண்டியில் ஒரு ஃபில்டர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பரிசோதகராக இருந்தவர். அங்கே அவர் கற்றுக்கொண்டது தூசி. ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தால் போதும், எந்த ஊர்த் தூசி என்று சொல்லிவிடுவார். வெள்ளையாக நறநறத்தால் பல்லாவரம் கல்குவாரிப் பக்கம். துரு கலந்திருந்தால் தாம்பரம் ரயில்வே யார்டு. வெறும் கார்ப்பெட் நூலாக இருந்தால் சிறுசேரி. அங்கே ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் இருப்பதே இல்லை, வீட்டுத் தூசி எங்கிருந்து வரும்? ஒருமுறை என் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு என் பின்கோடைச் சொன்னார். கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடிவிட்டது. அவர் மேல் தப்பில்லை. அன்று நான் பக்கத்துப் பேட்டையில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன்.

அவருக்கு உதவியாளன் குமரேசன். நாற்பத்தைந்து வயது, முன்னாள் ஷேர் ஆட்டோ டிரைவர். பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியதில் அவனுக்கு அசைக்க இடம் கிடைத்தது வாய் ஒன்றுதான். அந்தப் பழக்கம் போகவில்லை.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, மணி இரண்டு. நான் அங்கே ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பாலு மாடியேறி வந்தான். டக்ட் கிளீனிங் பாலு என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சில பெரிய வீடுகளில் ரூமுக்கு ஒரு ஏ.சி. என்று மாட்டாமல், மொட்டை மாடியில் ஒரே பெரிய மெஷினை வைத்து, சீலிங்குக்கு மேலே தகரக் குழாய் ஓட்டி, ரூமுக்கு ஒரு கிரில் வழியாகக் குளிர்காற்றை விடுவார்கள். அந்தக் குழாய்தான் டக்ட். அதற்குள் சேருகிற தூசியை உறிஞ்சி எடுப்பது பாலுவின் தொழில். அவனுடைய மெஷினின் இழுப்பு அப்படி. சேலையூரில் ஒரு வீட்டில் அதைப் போட்டபோது பக்கத்து வீட்டுக் காலண்டரில் மூன்று தேதி கிழிந்து வந்தது என்று சொல்வார்கள். ஜனங்கள் மிகைப்படுத்துகிறார்கள். நான் பார்த்தபோது வந்தது இரண்டு தேதிதான்.

"அக்கா, என்னைத் திருடன்னுட்டாங்க" என்றான் பாலு.

"யாரு?"

"அஸ்தினாபுரம் லோகநாதன் சார் வீட்ல. நேத்து அங்கதான் டக்ட் கிளீனிங். இன்னிக்கு சாயந்திரம் அவங்க பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குப் போட வெச்சிருந்த மோதிரத்தைக் காணோமாம்."

"நீ எடுத்தியா?"

"இல்லக்கா."

"அப்ப பாதி கேஸு முடிஞ்சுது" என்றான் குமரேசன். "மீதிப் பாதி, அத்த அவங்க நம்பணும்."

"நாலு மணி வரைக்கும்தான் டைம் கொடுத்திருக்காங்க. மெஷினைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாங்க. அதுகூடப் பரவாயில்ல. சந்திரிகா மேடம் எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்புல போட மெசேஜ் டைப் பண்ணியே வெச்சிருக்காங்க. 'இவரை வீட்டுக்குள் விடாதீர்கள்'னு, என் போட்டோவோட. நானூத்தி பன்னிரண்டு வீடுக்கா. என் கஸ்டமர் மொத்தமும் அதுலதான் இருக்காங்க. அது போயிடுச்சுன்னா நான் அப்படியே ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்."

"போட்டோ எப்டி கீது?"

"கண்ணு மூடியிருக்கு."

"அப்ப இன்னா பயம்? இனிமே கண்ணத் தொறந்துகினே நட. ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாது."

ஜஹானாரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலீசுக்கு ஏன் போகல?"

"மேடம் போகலாம்னாங்க. சார்தான் வேணாம்னுட்டார்."

"பறிகொடுத்தவர் வேணாம்னாரா?" என்று கேட்டுவிட்டு அவர் செருப்பை மாட்டினார். நானும் மாட்டினேன். நிச்சயதார்த்த வீடு என்றால் டிபன் இருக்கும்.

லோகநாதன் அந்த ஊர்ப் பூர்வீகக் குடும்பம். தாத்தா நெல் விதைத்த இடத்தில் இவர் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். ஆள் நல்ல கனம். கழுத்திலிருந்து இடுப்பு வரை வேர்க்குரு பவுடர் போட்டு, சுண்ணாம்பு அடித்து இன்னும் காயாத சுவர் மாதிரி இருப்பார். வாரம் ஒரு டப்பா ஆகும். அவருக்கு இன்னொரு குணம் உண்டு. வாங்கின எந்தப் பொருளின் கவரையும் பிரிக்க மாட்டார். சோபா பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது, உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. ஃபிரிட்ஜில் கடைக்காரன் ஒட்டிய அட்டை அப்படியே இருந்தது. கேட்டால் ஒரே பதில்: "வாரண்டி போயிடும்."

வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஹால் நடுவில் அவருடைய மனைவி சந்திரிகா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். கையில் போன், திரையில் பாலுவின் படம், அனுப்புகிற அம்புக்குறிக்கு மேலே கட்டைவிரல் தயாராக இருந்தது.

"மோதிரம் எங்கே இருந்துச்சு?" என்று கேட்டார் ஜஹானாரா.

"நாளைக்கு வெளி ஆளு வேலைக்கு வரான், இதைப் பத்திரமா எடுத்து வைங்கன்னு முந்தாநாள் ராத்திரி இவர் கையில கொடுத்தேன். இன்னிக்குக் காலையில கேட்டா, காணோம்ங்கிறார்."

"எங்கே வெச்சீங்க சார்?"

"பத்திரமான இடத்துல" என்றார் லோகநாதன்.

"அது எந்த இடம்?"

"என்னம்மா நீங்க. நாலு பேர் முன்னாடி சொல்லிட்டா அப்புறம் அது எப்படிப் பத்திரமான இடம்?"

"மோதிரம் காணாம பூட்டாலும் இடம் பத்திரமாத்தான் கீது" என்றான் குமரேசன்.

மணப்பெண் ஓவியா மாடிப்படியில் உட்கார்ந்து மருதாணிக் கையை ஊதிக்கொண்டிருந்தாள். "வேற மோதிரம் வாங்கிக்கலாம்மா. விடுங்களேன் அவரை."

"அது திருநீர்மலைல பெருமாள் பாதத்துல வெச்சு எடுத்தது. ஓடிப்போய் கடையில இன்னொண்ணு வாங்கி மாத்திக்க அது என்ன பல்பா?" என்றார் சந்திரிகா.

"மேடம், நேத்து வரப்போற ஆளு என்ன வேலைக்குன்னு சாருக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஜஹானாரா கேட்டார்.

"இவர் எதைக் காதுல வாங்கறார்? கிளீனிங்குக்கு ஆளு வரான்னு சொன்னேன். டி.வி.யைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினார். தண்ணித் தொட்டின்னு நெனச்சிருப்பார்."

லோகநாதன் சீலிங்கைப் பார்த்தார். பிறகு சட்டென்று தரையைப் பார்த்தார்.

போர்ட்டிகோவில் பாலுவின் மெஷின் நின்றது. காரின் பின்சக்கரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். உறிஞ்சிய தூசியெல்லாம் போய் விழுகிற துணிப்பை, எட்டு மாசப் பிள்ளைத்தாச்சி மாதிரி உப்பியிருந்தது. ஜஹானாரா அதைக் கழற்றி, நாலு தினசரிப் பேப்பரை விரித்து, அதன் மேல் நிமிர்த்தி வைத்து, சமையலறைக் கத்தியால் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாகக் கீறினார். உள்ளே தூசி அடுக்கு அடுக்காக நின்றது. சொந்தக்காரர்கள் சுற்றிக் கூடினார்கள்.

"கேக்கு வெட்டியாச்சு" என்றான் குமரேசன். "யாருக்கு முதல் துண்டு?"

"அடியில இருக்கிறது முதல்ல பண்ணின ரூம்" என்றார் ஜஹானாரா. "கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பார்ப் பொடி, ஒரு காய்ஞ்ச கருவேப்பிலை. சமையலறை. அதுக்கு மேல சாம்பிராணியும் கற்பூரக் கரியும். பூஜை ரூம். இது மிக்சர்த் தூள். ஹால். இங்க ஜிகினாவும் நீள முடியும் இருக்கு, ஓவியா ரூம். அப்புறம் ரெண்டு அடுக்கும் வெறும் பூச்சி உருண்டை வாசனை."

"கெஸ்ட் ரூம் ரெண்டும்" என்றார் சந்திரிகா. அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதுக்குள்ள யாரும் போறதில்ல."

"பூச்சியோட கெஸ்ட்டுங்களயும் சேர்த்தே வெளில வெச்சுக்கீறீங்க" என்றான் குமரேசன்.

பை முழுவதையும் கிளறியாகிவிட்டது. மோதிரம் இல்லை. மணி மூன்றரை.

"பையில இல்லைன்னா பாக்கெட்டுல போயிருக்கு" என்று சந்திரிகா போனைத் தூக்கினார்.

"மணி இன்னும் ஆகலை மேடம்" என்று ஜஹானாரா எழுந்தார். "பாலு, மொத்தம் எத்தனை கிரில்?"

"ஏழுக்கா. ஏழு ரூம், ஏழு கிரில். எல்லாம் பண்ணிட்டேன்." அவன் தன் விசிட்டிங் கார்டை நீட்டினான். அதில் பெயருக்குக் கீழே சிவப்பில் அச்சடித்திருந்தது: 'ஒரு கிரில்லையும் விடமாட்டோம்.'

ஜஹானாரா பையை இன்னொரு தடவை பார்த்தார். வாய்க்குள் ஏதோ எண்ணினார். பிறகு ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு ரூம் ரூமாகப் போனார்.

வேலை முடிந்த ஒவ்வொரு கிரில்லிலும், சட்டத்தையும் சுவரையும் சேர்த்து, பாலு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். 'சுத்தம் செய்யப்பட்டது. இந்த ஸ்டிக்கர் கிழிந்தால் ஓராண்டு வாரண்டி செல்லாது.' சமையலறை ஸ்டிக்கர் சுவரோடு பிறந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பூஜை ரூமிலும் அப்படியே. ஹால், ஓவியா ரூம், கெஸ்ட் ரூம்கள், எல்லாம் அப்படியே. ஏழாவது, லோகநாதனின் படுக்கையறை. அங்கே கட்டிலுக்கு நேர் மேலே உயரத்தில் இருந்த கிரில்லில் ஸ்டிக்கரின் இரண்டு மூலையும் சுருண்டு, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இது மட்டும் டாட்டா காட்டுதேக்கா" என்றான் குமரேசன்.

"சார், நீங்களும் பாலுவும் உள்ள வாங்க. மத்தவங்க வெளிய இருங்க" என்றார் ஜஹானாரா. குமரேசன் கதவைச் சாத்தினான். நான் ஏற்கனவே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். என் வயசுக்காரர்களை யாரும் எழுப்பி அனுப்ப மாட்டார்கள், தலையணையோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

ஜஹானாரா ஸ்டூலில் ஏறி, சுருண்ட மூலைக்கு அடியில் விரலை விட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"வேர்க்குரு பவுடர். பத்து மாசத்துச் சரக்கு. தூசி மேல ஸ்டிக்கர் ஒட்டாது பாலு. பையில ஆறு ரூம்தான் இருந்துச்சு, பவுடர் ஒரு துளிகூட இல்ல. நீ இந்த கிரில்லைத் திறக்கவே இல்ல."

பாலு தலையைக் குனிந்துகொண்டான். லோகநாதன் கொதித்து எழுந்தார்.

"பார்த்தீங்களா? செய்யாத வேலையைச் செஞ்சேன்னு பொய் சொல்லியிருக்கான். பொய் சொல்றவன் திருட மாட்டானா? நான் போய் சந்திரிகாகிட்ட சொல்லிடறேன், மெசேஜைப் போடட்டும்."

"இருங்க சார். அந்தப் பொய்தான் இவனைக் காப்பாத்துது. பாலு, ஏன் திறக்கல?"

"சார் தூங்கிட்டு இருந்தாருக்கா" என்றான் பாலு. அழுகிற மாதிரி இருந்தது குரல். "கிரில்லுக்கு நேர் கீழ. ஒரு மணிக்கு வந்து பார்த்தேன். ரெண்டு மணிக்கு வந்தேன், மூணு மணிக்கு வந்தேன். ஜன்னல் திரை உள்ள போயிட்டு வெளிய வருது, அப்படி ஒரு குறட்டை. பெரிய மனுஷன், எப்படி எழுப்பறது? இத்தனை வருஷத்துல ஒரு கிரில்லை விட்டதில்ல நான். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு, கட்டில் ஓரத்துல ஏறி, கால் நுனியில நின்னு ஸ்டிக்கரை மட்டும் ஒட்டிட்டு இறங்கிட்டேன்."

"ஆனா இதை வேற ஒருத்தர் திறந்திருக்கார்" என்றார் ஜஹானாரா. "கிரில் பூரா தூசி. ரெண்டு திருகு மட்டும் பளபளங்குது. திருகுல பதிஞ்சிருக்கிற தடம் ஸ்க்ரூ டிரைவர் தடம் இல்ல, அகலமா வழிச்ச மாதிரி இருக்கு. பத்து ரூபா நாணயம். டக்ட் வேலை செய்யறவன் நாணயத்தால திருகு கழட்ட மாட்டான். வீட்டுக்காரர்தான் அவசரத்துக்கு அப்படிப் பண்ணுவார்."

லோகநாதனின் கை தானாகப் போய் வேட்டி மடிப்பிலிருந்த சில்லறையை மூடிக்கொண்டது.

"நேத்து வீடு பூரா மெஷின் சத்தம். அந்தச் சத்தத்துல ஒரு மனுஷன் மூணு மணி நேரம் ஒரே இடத்துல மல்லாந்து படுத்திருந்தார்னா, அவர் தூங்க வரல சார், காவல் காக்க வந்திருக்கார்."

"காவல்தான் அப்டியே தூக்கமா பூட்ச்சு" என்றான் குமரேசன்.

"வெளி ஆளு வர்றான்னதும் யாரும் கை வைக்காத இடமா யோசிச்சீங்க. பீரோ வேணாம், அரிசி டின் வேணாம், அதெல்லாம் திருடனுக்குத் தெரியும். ஏ.சி. கிரில்லுக்குள்ள எவன் பார்ப்பான்னு வெச்சீங்க. மறுநாள் வந்தவன் டக்ட் கிளீனிங்காரன்."

லோகநாதன் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் பவுடர் பறந்தது.

"மெஷினைப் பார்த்ததும் உசிரே போச்சும்மா. சொன்னா சந்திரிகா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. சரி, கீழேயே படுத்துடுவோம், எவன் வந்தாலும் துரத்திடுவோம்னு படுத்தேன். முழிச்சுப் பார்க்கறேன், 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு போட்டிருக்கு. போச்சுன்னு நெனச்சேன்."

"ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே?"

அவர் சுருண்டு தொங்கிய அந்த ஸ்டிக்கரைக் கை காட்டினார். "கிழிஞ்சா வாரண்டி செல்லாதுன்னு அச்சடிச்சிருக்கேம்மா. சுத்தம் பண்ணிட்டான்னா உள்ள இருந்தது போயிடுச்சு. போனதைத் தேடறேன்னு வாரண்டியையும் விட்டுடறதா?"

குமரேசன் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

லோகநாதனின் முகம் அப்போது மெல்ல மாறியது. எழுந்தார். பாலுவின் இரண்டு தோளையும் பிடித்தார்.

"தம்பி, நெஜமாவே திறக்கலையா?"

"இல்ல சார். மன்னிச்சிருங்க சார்."

"மெஷினை உள்ள விடல?"

"இல்ல சார்."

"கையக்கூட விடலையா?"

"சத்தியமா இல்ல சார். ஒரு வேலையும் செய்யல."

லோகநாதன் அவனை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தன் வீட்டில் வேலை செய்யாமல் ஏமாற்றிய ஆளைத் தழுவிக்கொண்டு கண்ணீர் விட்ட வீட்டுக்காரரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் விட்டபோது பாலு முன்பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தான்.

ஸ்டிக்கரைக் கிழிக்க லோகநாதனுக்குக் கை வரவில்லை. திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார். குமரேசன் கிழித்தான். பாலு திருகைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான். கைக்குட்டையில் முடிச்சுப் போட்ட மோதிரம், வைத்த இடத்திலேயே இருந்தது. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

கதவுக்கு வெளியே சந்திரிகாவின் குரல் கேட்டது. "நாலு ஆகப்போகுது. நான் அனுப்பறேன்."

லோகநாதன் ஜஹானாராவைப் பார்த்தார். "இவன் இந்த ரூமை விட்டுட்டான்னு நான் சொன்னா?"

"குரூப்புல அதுவும் போகும். திருடன்னு போடறதுக்குப் பதிலா ஏமாத்துக்காரன்னு போடுவாங்க. நானூத்தி பன்னிரண்டு வீடும் ஸ்டிக்கரைக் கிழிச்சுப் பார்க்கும்."

"சொல்லாம விட்டா?"

"அப்ப மோதிரம் எங்கே இருந்துச்சுன்னு நீங்கதான் ஒரு இடம் சொல்லணும்."

அந்த மனுஷர் மோதிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். ஹாலில் இருந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மோதிரம் என் வேட்டி மடிப்பிலேயே இருந்திருக்கு. நான்தான் பார்க்கல. பாலு மேல ஒரு தப்பும் இல்ல."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. சந்திரிகா அவரை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். டைப் பண்ணின மெசேஜை அழித்தார். பாலுவின் போட்டோவை மட்டும் அழிக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அதற்குக் கீழே, 'எங்கள் வீட்டு டக்ட் சுத்தம் செய்தவர். நேர்மையானவர்' என்று போட்டு அனுப்பிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் மூன்று வீட்டிலிருந்து பாலுவுக்கு போன் வந்தது. நாலாவதாக வந்த அழைப்பில் ஒரு அம்மாள் போட்டோவைப் பார்த்துவிட்டு, பாலு எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்வாரா என்று கேட்டாராம்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் பாலு ஏழாவது கிரில்லையும் சுத்தம் செய்து முடித்தான். லோகநாதன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல் பக்கத்திலேயே நின்றார். வந்த தூசியில் மட்டும் இரண்டு டப்பா பவுடர் தேறியது. முடிந்ததும் தன் கையாலேயே புது ஸ்டிக்கர் ஒட்டினார். ஒட்டிக்கொண்டது.

சாயந்திரம் தட்டு மாற்றி, ஓவியா மோதிரத்தைப் போட்டபோது, மாப்பிள்ளை ஸ்ரீரங்கனின் தடித்த விரலில் அது பவுடர் புண்ணியத்தில் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஜஹானாராவுக்கும் குமரேசனுக்கும் முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள். நான் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தேன்.

லோகநாதன் வீட்டில் இன்றுவரை ஏ.சி. கிடையாது. மூன்று சீலிங் ஃபேன்தான். முறுக்கை நான் இனிமேல் காப்பியில் நனைத்துத்தான் தின்ன வேண்டும்.